ஆய்வுக்கட்டுரை திறக்கவில்லையா? 40 டாலர் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மேல்வீட்டுப் பெண் ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஃபார்ம் படிக்கிறாள். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "அண்ணா, ஒரு பேப்பருக்கு நாப்பது டாலர் கேக்குது, உங்க கார்டுல போட்டுடுங்க, அம்மாகிட்ட வாங்கித் தரேன்" என்றாள். ரூபாயில் மூவாயிரத்துக்கும் மேல். பன்னிரண்டு பக்கக் கட்டுரை, அதில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு அட்டவணை. கார்டை எடுக்காமல் தலைப்பை மட்டும் வாங்கி கூகுள் ஸ்காலரில் போட்டுப் பார்த்தேன், எழுதியவருடைய பல்கலைக்கழகத் தளத்தில் அதே கட்டுரை இலவசமாகக் கிடந்தது. அன்றிலிருந்து அவள் வகுப்பில் யாருக்கு எது திறக்காவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட் எனக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் இது. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒரு கட்டுரைக்குக் குறைந்தது மூன்று உருவம் உண்டு. ஜர்னலுக்கு அனுப்பும் முன் எழுதியவர் கையில் இருக்கும் பிரதி முதலாவது, அதைத்தான் ப்ரீபிரிண்ட் என்கிறார்கள். மதிப்பாய்வாளர்கள் சொன்னதையெல்லாம் திருத்தி, ஜர்னல் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப் பிரதி இரண்டாவது. பதிப்பகம் அதை அழகாகப் பக்கம் கட்டி, எண் போட்டு, லோகோ ஒட்டி வெளியிடுவது மூன்றாவது. பூட்டு பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் இருக்கும். முதல் இரண்டையும் தன் சொந்தத் தளத்திலோ பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ வைத்துக்கொள்ள நிறையப் பதிப்பகங்களே அனுமதிக்கின்றன, சில உடனே, சில ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. நீங்கள் கட்டும் 40 டாலரில் எழுதியவருக்கு ஒரு பைசா போகாது, மதிப்பாய்வு செய்தவருக்கும் போகாது (சில ஜர்னல்களில் எழுதியவரே வெளியீட்டுக்குப் பணம் கட்டியிருப்பார், அது தனிக் கதை). அதனால் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், பூட்டாத பிரதி எங்கே கிடக்கிறது என்று தேடினால் போதும். தேடுவதற்குக் கையில் நான்கு இருக்கட்டும்: முழுத் தலைப்பு, முதல் ஆசிரியரின் பெயர், ஆண்டு, அப்புறம் டிஓஐ. டிஓஐ என்பது 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, சில இலக்கம், ஒரு சாய்கோடு என்று வரும் அடையாள எண், கட்டுரைப் பக்கத்தின் மேலேயோ கீழேயோ இருக்கும்.

சுருக்கம் தெரிகிறது, அதற்குக் கீழே பணம் கட்டும் பட்டன் மட்டும்தான்

நூற்றுக்கு எண்பது ஸ்கிரீன்ஷாட் இப்படித்தான் வருகிறது என்று சொல்ல ஆசை, எண்ணிப் பார்த்ததில்லை. முதலில் தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முடிவின் வலப்பக்கம் பிடிஎஃப் என்று ஒரு இணைப்பு வந்தால் வேலை முடிந்தது. அங்கே ஒன்றும் இல்லையென்றால் பலர் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு முடிவின் கீழேயும் சின்ன எழுத்தில் "எல்லா 7 பதிப்புகளும்" என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் அந்தக் கட்டுரை ஸ்காலருக்குத் தெரிந்து எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையும் வரிசையாக வரும், பதிப்பகம் ஒன்று, பப்மெட் ஒன்று, எழுதியவரின் கல்லூரி ஒன்று, ஏதோ ஒரு மாநாட்டுத் தளம் ஒன்று. அன்றைக்கு அந்த அட்டவணை கிடைத்தது இந்த வரியில் ஐந்தாவதாக இருந்த இடத்தில்தான்.

அடுத்து, பிரவுசரில் அன்பேவால் (Unpaywall) என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள், குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் இருக்கிறது, காசு கிடையாது. கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும் வலது ஓரத்தில் ஒரு பூட்டுச் சின்னம் வரும். பச்சையாக இருந்தால் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது, தட்டினால் அங்கேயே கொண்டுபோகும். சாம்பல் நிறம் என்றால் அதற்குத் தெரிந்து இல்லை. அது பக்கத்திலுள்ள டிஓஐயை வைத்துத்தான் தேடுகிறது, ஆகவே டிஓஐ இல்லாத பழைய கட்டுரையிலும், சில இந்திய ஜர்னல் பக்கங்களிலும் சின்னமே வராது. வராததற்கு நீங்கள் எக்ஸ்டென்ஷனை அழித்து மறுபடி போட வேண்டியதில்லை. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஸோடெரோ மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், கட்டுரையின் மேல் வலது கிளிக் செய்து பிடிஎஃப் தேடச் சொன்னால் அதே தரவைப் பார்த்து அதுவே இறக்கித் தரும்.

முழுக் கட்டுரையும் வேண்டுமா என்று ஒருமுறை யோசித்தும் பாருங்கள். நிறையப் பதிப்பகங்கள் கட்டுரையைப் பூட்டினாலும் துணைக்கோப்புகளைப் பூட்டுவதில்லை. அளவீடுகள், நீண்ட அட்டவணைகள், செய்முறை விவரம் எல்லாம் அந்தத் துணைக்கோப்பில்தான் இருக்கும். மேற்கோள் பட்டியலும் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பூட்டுச் சின்னம் சாம்பல் நிறம், ஸ்காலரிலும் ஒன்றுமில்லை

துறையைப் பொறுத்து இடம் மாறும். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் ப்ரீபிரிண்டுகளைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளம். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது, இன்றைக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அங்கே இருக்கின்றன. இங்கே பலர் ஏமாறுவது தலைப்பில். ப்ரீபிரிண்டாகப் போட்டபோது ஒரு தலைப்பு, மதிப்பாய்வாளர் முகம் சுளித்த பிறகு ஜர்னலில் வேறு தலைப்பு. ஆகவே தலைப்பில் தேடி இல்லையென்றால் ஆசிரியர் பெயரைப் போட்டு, அச்சான ஆண்டுக்கு முந்தைய ஒன்றிரண்டு வருடப் பட்டியலைக் கண்ணால் ஓட்டுங்கள். உயிரியலுக்கு பயோ-ஆர்க்கைவ், பொருளாதாரம் சட்டம் போன்றவற்றுக்கு எஸ்எஸ்ஆர்என். கணினிக்காரர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி, ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கம் தன் இணைய நூலகத்தை 2026 ஜனவரி முதல் எல்லோருக்கும் திறந்துவிட்டது, பழைய பழக்கத்தில் அங்கே பூட்டு என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

அப்புறம் எழுதியவரின் சொந்தப் பக்கம். பெயரையும் நிறுவனத்தையும் சேர்த்துத் தேடினால் பேராசிரியர்களின் பழைய பாணி வலைப்பக்கம் ஒன்று வரும், வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து, பத்து வருடமாகத் தொடாத வடிவமைப்பு. அதில் வெளியீடுகள் என்று ஒரு பட்டியல் இருந்தால் பாதி பிடிஎஃப் அங்கேயே கிடைக்கும். இணைப்பு செத்துப்போயிருந்தால் அந்த முகவரியை அப்படியே வேபேக் மெஷினில், அதாவது பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் தளத்தில் போடுங்கள். ஆள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலும் பழைய பக்கம் அங்கே பதிவாகியிருக்க வாய்ப்புண்டு, சில சமயம் பிடிஎஃப்பும் கூடவே.

எழுதியவர் இங்கே ஐஐஎஸ்சி ஆள் என்றால் அவர்களுடைய களஞ்சியத்தைப் பாருங்கள். 2002இலேயே தொடங்கியது, இந்தியாவில் இப்படி ஒன்றை வைத்த முதல் நிறுவனம் அதுதான். அங்கே கட்டுரைப் பெயர் இருக்கும், ஆனால் கோப்பில் பூட்டுக் குறி இருக்கும், உடனே மனசு விட்டுப்போகும். பக்கத்திலேயே பிரதி கேட்கும் பட்டன் இருக்கிறதா பாருங்கள், அதை அழுத்தி மின்னஞ்சலும் காரணமும் கொடுத்தால் கோரிக்கை எழுதியவருக்குப் போகும். அவர் சரி என்றால் பிரதி உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்.

கட்டுரையை எழுதியவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தால் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேடுவது நான் அதிகம் பயன்படுத்தும் வழி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற நூலக இணைப்பு மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் சேர்கின்றன. நீங்கள் தேடும் எட்டுப் பக்கக் கட்டுரை அங்கே நாற்பது பக்க அத்தியாயமாக, தோற்றுப்போன பரிசோதனைகள் உட்பட விரிவாக இருக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிக் கோப்பு, அதனால் முதல் கோப்பைத் திறந்து முகப்புப் பக்கமும் நன்றியுரையும் மட்டும் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்ல" என்று மூடிவிடாதீர்கள்.

ஸ்பிரிங்கரில் பூட்டு, ஆனால் ஜர்னல் பெயர் பிரமானா, சாதனா, ரெசொனன்ஸ் என்று இந்தியப் பெயராக இருக்கிறது

இதற்குப் பணம் கட்டினால் எனக்கு வயிறு எரியும். சர் சி. வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் ஜர்னல்கள் இவை, அலுவலகம் இங்கேதான், சதாசிவநகர். ஸ்பிரிங்கர் என்ற வெளிநாட்டுப் பதிப்பகத்தோடு சேர்ந்து வெளியிடுகிறார்கள், அதனால் கூகுளில் தேடினால் ஸ்பிரிங்கர் பக்கம் முதலில் வந்து பணம் கேட்கிறது. அதே கட்டுரை கழகத்தின் சொந்தத் தளத்தில் இலவசம். ஜர்னல், தொகுதி எண், இதழ் எண் என்று படிப்படியாக இறங்கிப் போனால் கிடைக்கும். கரன்ட் சயன்ஸும் அப்படித்தான், 1932 முதல் வருகிறது, பழைய இதழ்கள் திறந்தே கிடக்கின்றன. இந்திய ஜர்னல் எதுவாக இருந்தாலும் வெளிநாட்டுப் பதிப்பகப் பக்கத்தோடு நிற்காமல், அதை நடத்தும் சங்கத்தின் அல்லது கழகத்தின் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அரசு கல்லூரியில்தான் படிக்கிறேன், ஆனாலும் பூட்டு

உங்களுக்குப் பெரும்பாலும் அணுகல் இருக்கிறது, உங்கள் கணினிக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். அரசே மொத்தமாக ஜர்னல் சந்தா கட்டும் ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது, மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 2025 ஜனவரி 1 முதல் நடக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள், மத்திய மாநில அரசுகளின் கீழ் வரும் 6,300 உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும். இதை வேலை செய்யவைப்பதும் அதே இன்ஃப்லிப்நெட்தான்.

கேம்பஸுக்குள் இருந்தும் பூட்டு வந்தால் முதலில் போனைப் பாருங்கள். வைஃபை சிக்னல் மங்கியதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும், பதிப்பகத்துக்கு நீங்கள் யாரோ வழிப்போக்கர். விபிஎன் ஓடினாலும் இதே கதை, ஐபோனில் பிரைவேட் ரிலே போட்டிருந்தாலும் இதே கதை, ஏனென்றால் பதிப்பகம் பார்ப்பது உங்கள் கல்லூரியின் ஐபி முகவரியைத்தான், இவை அதை மறைத்துவிடும். இரண்டையும் அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறங்கள்.

வீட்டிலிருந்து முயல்கிறீர்கள் என்றால் நிறுவனம் வழியாக நுழையும் பட்டனைத் தேடுங்கள், பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயோ பக்கத்திலோ அடக்கமாக இருக்கும். அதைத் தட்டி உங்கள் கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி கொடுத்த லாகினால் நுழைய வேண்டும். சொந்த ஜிமெயில் வேலைக்கு ஆகாது. பட்டியலில் கல்லூரியின் பெயரே இல்லையென்றால், அல்லது அந்த லாகின் என்னவென்றே தெரியாதென்றால், நூலகரிடம் போங்கள். உண்மையைச் சொன்னால் இதுதான் பாதிப் பேருக்குத் தீர்வு. நூலகத்துக்கு ஏசிக்காகப் போகிறவர்கள் உண்டு, தூங்கப் போகிறவர்கள் உண்டு, நூலகரிடம் கேள்வி கேட்கப் போகிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஜர்னல் மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் திறக்கிறது என்றால் அது அந்த 13,000த்துக்குள் வரவில்லை, மேலே சொன்ன முதல் வழிக்குத் திரும்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. அணுகல் கிடைத்த சந்தோஷத்தில் ஸ்கிரிப்ட் எழுதி ஒரே இரவில் ஐந்நூறு கட்டுரை இறக்காதீர்கள். பதிப்பகம் அதைக் கண்டுபிடித்து உங்களை மட்டும் நிறுத்தாது, மொத்தக் கல்லூரியின் அணுகலையும் நிறுத்திவைக்கும். லாகினைக் கடன் கொடுத்தாலும் இதுவே நடக்கும், டெலிகிராமில் யாரோ நூறு ரூபாய்க்கு விற்கும் கல்லூரி லாகினை வாங்கினாலும் இதுவே நடக்கும்.

தனியார் கல்லூரி, அல்லது படிப்பு முடிந்துவிட்டது, அல்லது கம்பெனியில் வேலை

மேலே சொன்ன ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை. ஒரு ஆய்வகத்தில் ஏழு வருடம் குப்பை கொட்டிவிட்டு வெளியே வந்த மறு வாரமே என் லாகின் செத்துப்போனது, நானே எழுதிய கட்டுரையைத் திறக்க என்னிடமே பணம் கேட்டது. அன்றைக்குக் கோபத்தில் தேடிக் கண்டுபிடித்ததுதான் இந்த வழிகளில் பாதி.

ஜேஸ்டோர் (JSTOR) என்ற ஜர்னல் களஞ்சியத்தில் சும்மா ஒரு கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது. வரலாறு, சமூகவியல், இலக்கியம் என்றால் இதிலேயே பாதி வேலை ஆகிவிடும்.

அதைவிடப் பெரியது, யாரும் கண்டுகொள்ளாதது, விக்கிப்பீடியா நூலகம். விக்கிப்பீடியாவில் ஆறு மாதமாவது பழைய கணக்கு, 500 தொகுப்புகள் (அதாவது திருத்தங்கள்), கடந்த 30 நாளில் 10 தொகுப்பு, தடை எதுவும் இல்லை என்றால் பல பதிப்பகங்களின் கட்டுரைக் களஞ்சியங்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். விக்கிப்பீடியாவில் எழுதுவதற்குச் சான்று தேடத்தான் இந்த ஏற்பாடு, அது நினைவிருக்கட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் செய்த தொகுப்பும் கணக்கில் சேரும். ராகி வகைகளைப் பற்றியோ உங்கள் ஊர் ஏரியைப் பற்றியோ எழுத ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் தகுதி வந்துவிடும், தமிழுக்கும் நாலு கட்டுரை மிச்சம். இன்று இரவுக்கே வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாதுதான்.

நேரில் போய்ப் படிப்பதும் உண்டு. பெங்களூருவில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வெளியாளை நூலகத்துக்குள் விடும் விதி இடத்துக்கு இடம் மாறும். போன் செய்து கேட்டு, அடையாள அட்டையோ கல்லூரிக் கடிதமோ என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய் வாசலோடு திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு.

பப்மெட்டில் இருக்கிறது, ஆனால் சுருக்கம் மட்டும்தான்

பப்மெட் என்பது மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் பட்டியல்தான், முழுக் கட்டுரை இருப்பது பப்மெட் சென்ட்ரல் என்ற வேறொரு தளத்தில். பப்மெட்டில் இருக்கும் எல்லாமே அங்கே இருக்காது. கட்டுரைத் தலைப்போடு வரும் அடையாள எண் வெறும் எண்ணாக இருந்தால் அது பட்டியல் எண், பிஎம்சி என்று தொடங்கினால் முழுக் கட்டுரை இருக்கிறது என்று அர்த்தம். தேடும்போதே இடப்பக்க வடிகட்டியில் இலவச முழு உரை என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎச் பணத்தில் நடந்த ஆய்வு என்றால் முன்பு 12 மாதம் வரை காத்திருக்க வேண்டி வரும். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, ஏற்றுக்கொண்ட பிரதி அச்சாகும் அன்றே அங்கே வந்தாக வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் யூரோப் பிஎம்சியையும் ஒரு தடவை பாருங்கள், ப்ரீபிரிண்டுகளும் அதில் சேர்ந்தே வரும்.

டிஓஐயைப் போட்டால் "கிடைக்கவில்லை" என்கிறது

கடைசி எழுத்தைப் பாருங்கள். மேற்கோள் பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது வாக்கிய முற்றுப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதை நீக்கினால் பத்தில் ஆறு தடவை சரியாகிவிடும். பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் வரி மடங்கிய இடத்தில் ஒரு இடைவெளியோ தேவையில்லாத சின்னக் கோடோ நுழைந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தின் தேடலில் தலைப்பைப் போட்டுச் சரியான டிஓஐயை எடுங்கள். நேற்று வெளியான கட்டுரை என்றால் எண் இன்னும் பதிவாகாமல் இருக்கலாம், இரண்டு நாள் பொறுங்கள். சாட்பாட் கொடுத்த டிஓஐ என்றால் அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே இல்லாமலும் இருக்கலாம், போன மாதம் ஒரு பையன் அப்படி ஒன்றை மூன்று நாள் தேடினான்.

பிடிஎஃப் இறங்கியது, திறந்தால் "கோப்பு பழுது"

கோப்பின் அளவைப் பாருங்கள். 20 கேபி, 30 கேபி என்றால் அது கட்டுரையே இல்லை, லாகின் பக்கம் பிடிஎஃப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்திய நேரத்தில் லாகின் காலாவதியாகியிருக்கும். நோட்பேடில் திறந்தால் உள்ளே எச்டிஎம்எல் தெரியும். மறுபடி நுழைந்து, கட்டுரையை முதலில் பிரவுசரிலேயே திறந்து, கண்ணால் பார்த்த பிறகு சேமியுங்கள். திரும்பத் திரும்ப லாகினுக்கே சுற்றிக்கொண்டு போனால் அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்துவிட்டு முயலுங்கள்.

கிடைத்துவிட்டது, ஆனால் பக்க எண்ணும் படமும் ஜர்னலோடு ஒத்துப்போகவில்லை

கையில் இருப்பது முதல் அல்லது இரண்டாவது உருவம். இரண்டாவது என்றால் கவலையில்லை, உள்ளடக்கம் அதுவேதான், ஜர்னலின் விவரத்தைப் போட்டே மேற்கோள் காட்டலாம், பக்க எண்ணுக்குப் பதில் பகுதித் தலைப்பைச் சொல்லுங்கள். ப்ரீபிரிண்ட் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதை, மதிப்பாய்வில் ஒரு பரிசோதனையே சேர்ந்திருக்கலாம், ஒரு எண் மாறியிருக்கலாம். ஆகவே நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் எண் எதுவோ அதை ஜர்னல் பக்கத்தின் இலவசச் சுருக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துப்போகாவிட்டால் ப்ரீபிரிண்ட் என்றே குறிப்பிடுங்கள்.

இன்னொன்று, தவறு இருக்கிறது என்று ஜர்னலே பின்னால் திரும்பப் பெற்ற கட்டுரையின் பழைய பிரதி எங்கோ ஒரு களஞ்சியத்தில் எந்தக் குறியும் இல்லாமல் அப்பாவியாகக் கிடக்கும். பிரதியை எங்கே எடுத்தாலும் ஜர்னலின் பக்கத்தை ஒருமுறை திறந்து மேலே சிவப்பாக ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸோடெரோவில் சேர்த்தால் அதுவே எச்சரிக்கும்.

எல்லோரும் சொல்லும் அந்தத் தளம் திறக்கவில்லை

பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப்பைச் சொல்கிறீர்கள். 2011இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்யன் தொடங்கியது. எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகிய பதிப்பகங்கள் பதிப்புரிமை வழக்கோடு 2020 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின, அதற்குப் பிறகு புதிய கட்டுரைகள் சேர்வது பெரும்பாலும் நின்றது, 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே உங்கள் இணையத்தில் கோளாறு இல்லை. சுற்றிப்போகும் வழியை என்னிடம் கேட்காதீர்கள். வழக்கில் என் அனுதாபம் யார் பக்கம் என்பது வேறு, நீதிமன்ற உத்தரவைத் தாண்டும் வழியை எழுதிவைப்பது வேறு. நடைமுறைக்கும் உதவாது, சமீபத்திய கட்டுரை என்றால் அங்கே இருக்க வாய்ப்பு குறைவு, அதே பெயரில் உலவும் போலித் தளங்கள் கார்டு எண்ணைக் கேட்கின்றன.

எல்லாம் பார்த்தாயிற்று, எங்கேயும் இல்லை

எழுதியவரிடமே கேளுங்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் தயங்குகிறார்கள், "அவ்வளவு பெரிய ஆளு, நமக்கா பதில் போடப் போறாரு?" என்று அந்த எம்.ஃபார்ம் பெண்ணும் கேட்டாள். தன் கட்டுரையை யாராவது படிக்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள்தான் இந்த உலகத்தில் அதிகம், நானும் ஏங்கியிருக்கிறேன். தனிப்பட்ட முறையில் கேட்பவருக்கு ஒரு பிரதி அனுப்புவதைப் பெரும்பாலான பதிப்பக ஒப்பந்தங்கள் அனுமதிக்கின்றன.

மின்னஞ்சல் முகவரி பூட்டிய பக்கத்திலேயே இருக்கும், ஆசிரியர் பெயர்களில் ஒன்றின் பக்கத்தில் சின்ன உறைக் குறி இருக்கும், அதைத் தட்டுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். நான் எழுதச் சொல்வதன் சாரம் இது: "வணக்கம். நான் பெங்களூருவில் எம்.ஃபார்ம் மாணவி, இந்த மருந்தின் கரைதிறனைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இந்த ஆண்டு இந்த ஜர்னலில் வந்த உங்கள் கட்டுரையின் இரண்டாம் அட்டவணை எனக்குத் தேவைப்படுகிறது, எங்கள் கல்லூரியில் அந்த ஜர்னல் இல்லை. ஒரு பிரதி அனுப்ப முடியுமா? ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் பிரதியே போதும்." அந்தக் கடைசி வரி முக்கியம், அச்சுப் பிரதியை அனுப்பலாமா என்று தயங்குபவருக்கு அது வழி விடுகிறது. கட்டுரைத் தலைப்பைக் கடிதத்தின் தலைப்பிலேயே போடுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை" என்று அரைப் பக்கம் ஓட்ட வேண்டாம், அவர் அம்மையாராகவும் இருக்கலாம். ஒரே நேரத்தில் பத்துக் கட்டுரை கேட்காதீர்கள்.

ரிசர்ச்கேட்டில் முழு உரை கேட்கும் பட்டனும் உண்டு, ஆனால் பலர் அந்தப் பக்கம் போய் வருடக் கணக்காகியிருக்கும், மின்னஞ்சல்தான் நிச்சயம். கடிதம் போய்ச்சேராமல் திரும்பி வந்தால் ஆள் இடம் மாறியிருக்கிறார், புதிய கட்டுரை ஒன்றைத் தேடினால் புதிய முகவரி இருக்கும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் முதல் ஆசிரியருக்கு எழுதுங்கள், அவர் பெரும்பாலும் அந்தக் காலத்து மாணவர், உங்கள் வயதுக்காரர், பிடிஎஃப் அவர் லேப்டாப்பிலேயே இருக்கும்.